யன்னலில் வைத்த இனிப்பு

பொழுது சாயத் தொடங்கினால் செல்வரத்தினம் தன் மகளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்.

"பிள்ளை, இருட்டப் போகுது. நீர் வெளிக்கிடும். வீட்டிலை தேடுவினம்."

"ஓம், போறன்" என்பாள் சறோஜினிதேவி. செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, கையைக் கழுவி, தோளில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து ஒழுங்கையில் இறங்குவாள். வேலியோரமாக நடந்து வளவைச் சுற்றிக்கொண்டு வந்து, கிணற்றடிப் பக்கம் வேலி ஓலை விலகியிருக்கிற பொட்டுக்குள்ளால் குனிந்து நுழைந்து குசினிக்குள் ஏறிவிடுவாள். பிறகு அவள் பிட்டும் சொதியும் கொண்டுபோய் வைக்க, அவர் பேசாமல் சாப்பிடுவார். இரவில் சோறு தருகிற மனிசி வேறு, பகலில் வந்துபோகிற மனிசி வேறு என்று அவர் மனதில் ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும்.

முதலில் அவள் இப்படிச் செய்யவில்லை. நின்று வாதாடினாள். "நான் சறோ, அப்பா. உங்கடை மகள்" என்றாள். அவர் கடைக்கு வந்த ஆளிடம் சிரிக்கிறமாதிரி சிரித்தார். "சறோ சின்னப் பிள்ளையெல்லோ. உமக்குத் தலை நரைச்சுப் போச்சு." அவள் அடையாள அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். அம்மா செத்துப்போனதைச் சொன்னாள், அவருடைய கடை எரிந்ததைச் சொன்னாள். சொன்ன ஒவ்வொரு தடவையும் அவர் அதை அன்றுதான் கேட்டவர்போலத் தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதார். பக்கத்து வளவுக் கத்தரீனாதான் ஒருநாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி அதட்டினாள்.

"ஏன்ரி மனிசனோடை கோட்டிலை வழக்காடுறமாதிரி நிக்கிறாய்? போ எண்டாப் போ. சுத்திக்கொண்டு வா. உனக்கும் கால் நீட்டி நடந்தமாதிரி இருக்கும்."

அன்றிலிருந்து அவள் தீவுக் கிராமமான புளியங்கூடலில் மாலையில் நடைப்பயிற்சி செய்கிற ஒரே மனிசி ஆனாள். இதுவும் கத்தரீனாவின் பகிடிதான்.

செல்வரத்தினத்துக்குத் தெற்கே சிங்கள ஊரான மாத்தறையில் சுருட்டுக்கடை இருந்தது. அந்தக் காலத்துத் தீவு ஆட்கள் பலரைப் போல, கடை அங்கே, குடும்பம் இங்கே. வருசத்தில் இரண்டு தடவை லீவில் வருவார்: நயினாதீவு அம்மன் கோயில் கொடியேற்றத்துக்கு ஒருக்கால், பொங்கலுக்கு ஒருக்கால். சறோவுக்கு அப்பா என்றால் மணிக்கூடு கட்டிய, வாசனைச் சவர்க்காரம் மணக்கிற ஒரு விருந்தாளி. அவர் வந்தவுடன் அவள் அறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். "அப்பாவெடி, போ" என்று தாய் முதுகில் தள்ளினாலும் கதவை விடமாட்டாள். மூன்றாம் நாள், நான்காம் நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் தெளியும். அவர் மடியில் ஏறலாமோ என்று அவள் யோசிக்கிற நேரத்தில் லீவு முடிந்துவிடும். அடுத்த லீவுக்கு வரும்போது திரும்பவும் முதலிலிருந்து கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்து, உடுத்த சாரத்தோடு கப்பலேறி வந்து சேர்ந்தார். அப்போது அவள் பெரியபிள்ளையாகிவிட்டாள். அவரோ பேச்சை மாத்தறையிலேயே விட்டுவிட்டு வந்தவர்மாதிரி இருந்தார். பிறகு தீவை விட்டு இடம்பெயர்ந்தது, வன்னியில் அம்மா காய்ச்சலில் போனது, திரும்பி வந்து கூரையில்லாத வீட்டைக் கட்டியெழுப்பியது. எல்லாவற்றிலும் இரண்டு பேரும் ஒன்றாகவே நின்றார்கள். ஆனாலும் அவர்களுக்குள் ஓடிய பேச்சு "சாப்பாடு போடட்டோ?" "ஓம்" என்பதைத் தாண்டியதில்லை. அவளுக்குக் கலியாணம் சரிவரவில்லை. அதைப் பற்றியும் அவர் ஒன்றும் சொன்னதில்லை. ஒருநாள் சொல்லுவார், ஒருநாள் என்னோடு இருந்து கதைப்பார் என்று அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு அவளைத் தெரியாமற்போனது.

பனம்பழக் காலத்தில், சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்த ஒருநாள், யாழ்ப்பாணத்திலிருந்து கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து படலையில் நின்றார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட மெல்லிய பிள்ளை கம்சிகா. முதுகில் கமராப் பையோடு நின்ற நெட்டையன் நிரோஜன். சறோவும் கத்தரீனாவும் முற்றத்தில் பெரிய சட்டியைச் சுற்றிக் குந்தியிருந்து பனங்களி பிசைந்துகொண்டிருந்தார்கள். முழங்கை வரைக்கும் மஞ்சள். பக்கத்தில் தடி நட்டுக் கட்டிய பந்தலில் பாய் விரித்து, முதல்நாள் ஊற்றிய களி தகடுதகடாய்ப் பினாட்டாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"படம் எடுக்க ஒரு பழைய வீடு தேடிக்கொண்டு வாறம், அன்ரி" என்றாள் கம்சிகா.

"ஆற்றை கலியாணம்?" என்றாள் கத்தரீனா.

"கலியாண வீடியோ இல்லை. குறும்படம். எங்கடை படிப்புக்கு. வயது போறதையும் மறதியையும் பற்றி."

"அதுக்கு வீடு என்னத்துக்கு? விறாந்தையிலை இருக்கிற மனிசனிட்டைப் போய் நீர் ஆரெண்டு கேளும். படம் தொடங்கும்."

கம்பி யன்னல் வைத்து அடைத்த விறாந்தையில், கதிரையில் இருந்த செல்வரத்தினம் நிரோஜனைக் கண்டுவிட்டார். "மல்லி, வா வா" என்று சிங்களத்தில் தம்பி முறை சொல்லிக் கூப்பிட்டார். "ஏன் இவ்வளவு பிந்தினனீ? கடையைக் கூட்டினதோ?" நிரோஜன் ஒரு கணம் விழித்தான். பிறகு "கூட்டினனான் முதலாளி" என்றான். அவன் நல்ல பெடியன் என்று சறோ அப்போதே முடிவுகட்டினாள்.

பிள்ளைகள் பிறகு பல தடவை வந்தார்கள். பனங்களி பிசைகிற இடத்திலேயே சாக்கு விரித்து இருந்து, கம்சிகா எழுதிக்கொண்டு வந்ததை வாசிப்பாள். முதலில் எழுதிய கதையில் ஒரு கிழவர் இறங்குதுறையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். கடைசியில் கடலைப் பார்த்தபடியே செத்துப்போனார்.

சறோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குறை நினையாதேயும் பிள்ளை. அப்பாக்குக் கடலைக் காட்டப்படாது. நயினாதீவு வள்ளத்திலை கால் வைக்கவே தலைசுத்திச் சத்தியெடுக்கிற ஆள்."

கம்சிகாவும் சிரித்தாள். "அப்ப அவர் என்ன செய்வார், அன்ரி? நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதிறன்."

சறோவிடம் இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லை. டொக்டர் கேட்டது நித்திரை கொள்ளுகிறாரா, மலசலம் சரியாகப் போகிறதா என்றுதான். சறோ கையிலிருந்த பனங்கொட்டையைச் சட்டியில் போட்டாள். பிறகு தொடங்கினாள். சாப்பிட்ட கோப்பையைக் கழுவ முதலே, எனக்கு ஒண்டும் தரேல்லை என்று கத்தரீனாவிடம் முறைப்படுவதைச் சொன்னாள். விடியவே சேட்டுப் போட்டுக்கொண்டு யாழ்தேவி ரெயின் பிடிக்க வெளிக்கிடுவதைச் சொன்னாள். மாலையில் தன்னை வீட்டுக்கு அனுப்புவதைச் சொன்னாள். அப்படியே கதை பின்னுக்குப் போய், கதவுக்குப் பின்னால் ஒளிந்ததில் வந்து நின்றது.

"நான் கிட்டப் போகமாட்டன் எண்டு தெரிஞ்சு, அவர் தோடம்பழ இனிப்பை ஒரு கடதாசித் துண்டிலை சுருட்டி, அந்தா, அந்த யன்னல் கட்டையிலை வைப்பார். வைச்சிட்டுக் கதிரையிலை போய் இருந்து மற்றப் பக்கம் திரும்பி ஒழுங்கையைப் பாத்துக்கொண்டிருப்பார். நான் வீட்டைச் சுத்தி வெளியாலை வந்து, கம்பிக்குள்ளாலை கையை விட்டு எடுத்துக்கொண்டு ஓடுவன். அவர் ஒருநாளும் திரும்பிப் பாத்ததில்லை. திரும்பினா நான் பிறகு வரமாட்டன் எண்டு தெரியும்."

கம்சிகாவின் பேனை நின்றுபோயிருந்தது. "இதைத்தான் எடுக்கப்போறம்" என்றாள். "கிழவரா உங்கடை அப்பாவே இருக்கட்டும், அன்ரி. ஓமெண்டுவியளோ?"

சறோ உடனே ஓமென்று சொல்லவில்லை. அந்தக் கிழமை பிள்ளைகள் இரண்டு பேரும் படத்தின் முடிவைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தகப்பனுக்கு ஞாபகம் திரும்பி மகளை இனங்காண வேண்டும் என்பது கம்சிகாவின் பிடிவாதம்.

"அது பொய்யடி" என்றான் நிரோஜன்.

"சனம் அழோணும்."

"சனம் அழுறதெண்டா ஆளுக்கொரு வெங்காயத்தைக் குடு."

கத்தரீனா விழுந்து விழுந்து சிரித்தாள். சறோ சிரிக்கவில்லை. களியைத் துணியால் வடித்துக்கொண்டே, ஏதோ உப்பு விலை கேட்பதுபோலக் கேட்டாள். "அப்பிடி ஞாபகம் திரும்பி வாறதும் உண்டோ, பிள்ளை?"

"சில ஆக்களுக்குப் பழைய விசயத்தைத் திருப்பிச் செய்து காட்டினா வருமாம் எண்டு வாசிச்சனான், அன்ரி. நிச்சயமாச் சொல்ல ஏலாது."

அந்தக் கடைசி மூன்று சொற்கள் சறோவின் காதில் விழவில்லை. "சரி, எடுங்கோ" என்றாள். "அவரை அழப்பண்ணக்கூடாது. அவ்வளவுதான்."

சின்ன வயதுச் சறோவாக நடிக்க, கம்சிகா தன் தங்கச்சி கஜாலினியைக் கூட்டிவந்தாள். எட்டாம் வகுப்புப் பிள்ளை, வயதுக்குச் சின்னது, சரியான வாயாடி. அவளுக்குச் சட்டை தைத்தது சறோ. தாயின் சேலை ஒன்று, நீலத்தில் வெள்ளைப் பூப் போட்டது, இடப்பெயர்வு எல்லாம் தப்பி அலுமாரியில் கிடந்தது. அதை வெட்டினாள். கைக்குச் சுருக்கு, இடுப்புக்குப் பட்டி, பின்னுக்குப் பெரிய முடிச்சு. எப்படி நிற்க வேண்டும் என்பதையும் அவளே காட்டிக்கொடுத்தாள்.

"கதவிலை கன்னத்தை ஒட்டு. ஒரு காலுக்கு மேலை மற்றக் காலை வை. கழுத்துச் சட்டையைக் கடி. கண்ணை மட்டும் வெளியாலை விடு."

"இப்பிடியோ, அன்ரி?"

"இன்னும் கொஞ்சம் பயம் வேணும்."

"எனக்கு ஆரிட்டையும் பயம் வாறேல்லையே."

"நீயும் ஒருக்காப் பயந்து பாரன், கொப்பருக்கும் கொம்மாக்கும் ஆறுதலாயிருக்கும்" என்றாள் கத்தரீனா. ஆனால் பிள்ளை கெட்டிக்காரி. இரண்டு மூன்று தடவைக்குள் பிடித்துவிட்டாள். கதவோரத்தில் நின்ற அவளுடைய சட்டை முடிச்சைச் சறோ இன்னொரு தடவை அவிழ்த்துக் கட்டினாள்.

படமெடுக்கிற அன்று சறோ விடியவே தலைமுழுகினாள். அலுமாரியில் இருந்த கத்தரிப்பூ நிறச் சேலையை உடுத்தாள். வேலியால் எட்டிப் பார்த்த கத்தரீனா, "நீயும் நடிக்கிறியோ?" என்று கேட்டாள்.

"இல்லை. சும்மா. ஆக்கள் வருகினம்தானே."

கத்தரீனா வேலிக்கு மேலால் கையை நீட்டி அவளுடைய சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டாள். 

நிரோஜன் கமராவைக் குசினிப் பக்கக் கதவடியில் வைத்தான். சறோ அவனுக்குப் பின்னால் நின்றாள். செல்வரத்தினம் வெள்ளைச் சேட்டோடு கதிரையில் இருந்தார். அவர் கைக்கு எட்டுகிற ஸ்டூலில் ஒரு பை தோடம்பழ இனிப்பும் பழைய பேப்பர் ஒன்றும் இருந்தன. கம்சிகா கையைக் காட்ட, கஜாலினி அறைக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

கிழவர் முதலில் காணவில்லை. பிறகு கதவோரத்தில் நீலச் சட்டை அசைந்ததைக் கண்டார். அவருடைய முதுகு நிமிர்ந்தது. கை தானாகப் போய்ச் சேட்டின் மேற்பொத்தானைப் பூட்டியது. அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. பேப்பரைக் கிழித்தார். கடைக்காரனின் விரல்கள் அதை ஒரு சுற்றில் சுருளாக்கின. இனிப்பைப் போட்டு வாயை மடித்தார். எழும்பி, சுவரைப் பிடித்து நடந்து, யன்னல் கட்டையில் வைத்தார். திரும்பிக் கதிரைக்கு வந்து, ஒழுங்கைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்.

வீட்டைச் சுற்றிக் கால் ஓடுகிற சத்தம் கேட்டது. கம்பிக்குள்ளால் ஒரு சின்னக் கை வந்தது. கடதாசி சரசரத்தது. ஒழுங்கையைப் பார்த்தபடி கிழவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சறோ வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்டாள். அவர் இனிப்பு வைத்த நாட்களில் அவள் யன்னலுக்கு வெளியே அல்லவா நின்றாள்.

எழுதியபடி கஜாலினி பிறகு முன்வாசலால் வந்து அவர் முன்னால் நிற்க வேண்டும். வந்து நின்றாள். அவர் அவளுடைய கையைப் பிடித்தார்.

"சறோ" என்றார். "என்ரை குஞ்சு."

எழுதியதில் இந்தச் சொல் இல்லை. கம்சிகா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா வந்தவுடனை உனக்குப் பயம். பயம் தெளியிற நேரம் அப்பாக்கு லீவு முடிஞ்சிடும். என்ன செய்யிறது, குஞ்சு? கடையைப் பூட்டிப்போட்டு இருக்க ஏலாதே. ரெயினிலை போகேக்கை மாங்குளம் வரைக்கும் உன்ரை கைதான் கண்ணுக்குள்ளை நிக்கும். கம்பிக்குள்ளாலை வாற கை."

கஜாலினிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "ஓம், அப்பா" என்றாள் மெல்ல.

சறோவுக்குத் தான் முன்னுக்கு நடந்துபோனது தெரியாது. கமராவைத் தாண்டி, நிரோஜனின் தோளில் இடித்துக்கொண்டு போய், தகப்பனின் முன்னால் முழங்காலில் இருந்துவிட்டாள். "அப்பா, நான்தான் சறோ. என்னைப் பாருங்கோ. நான்தான் அப்பா."

செல்வரத்தினம் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இடைஞ்சல் பட்ட ஒரு மரியாதைக்காரனின் சலிப்புத்தான் இருந்தது.

"நீர் கொஞ்சம் அங்காலை நில்லும், பிள்ளை" என்றார். "குழந்தை பயப்பிடும்."

பிள்ளைகள் வெளிக்கிடும்போது கம்சிகாவின் கண் சிவந்திருந்தது. "அன்ரி, நீங்கள் உள்ளுக்கு வந்த இடத்தை வெட்டிவிடுறன். குறை நினையாதேங்கோ. எல்லாம் என்னாலை."

"உம்மாலை என்ன? நான்தானே சட்டை தைச்சனான்" என்றாள் சறோ. பிறகு, "வெட்ட வேண்டாம். நான் வந்தது உண்மைதானே. இருக்கட்டும்" என்றாள். ஸ்டூலில் கிடந்த மிச்ச இனிப்பை எடுத்துக் கஜாலினியின் கையில் வைக்கப் போனாள். அந்த வாயாடிப் பிள்ளை தலையை ஆட்டி மறுத்துவிட்டு, குனிந்துகொண்டு போய் மோட்டார் சைக்கிளில் ஏறியது. சறோ இனிப்பைத் திரும்ப ஸ்டூலில் வைத்தாள்.

அன்று மாலை செல்வரத்தினம் அவளை வீட்டுக்குப் போகச் சொல்ல மறந்துபோனார். அவர் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தார். அடுத்த நாளும் தேடினார். சோற்றுக் கோப்பையை வைத்தால் தள்ளிவிட்டார்.

"பிள்ளை வரட்டும்."

"பிள்ளை வராது, அப்பா." அவளுக்கு மனம் கல்லாகியிருந்தது. "அது வேறை ஆற்றையோ பிள்ளை."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் அவளுக்கே தன்மேல் வெறுப்பு வந்தது. அவர் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இரவும் சாப்பிடவில்லை. விடிய ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தார். சறோ கம்சிகாவுக்கு ரெலிபோன் எடுத்தாள். தங்கச்சிக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை நடக்கிறது, முடிந்தவுடன் கூட்டிவருகிறேன் என்று அந்தப் பிள்ளை அழாக்குறையாகச் சொன்னது.

"சோதனை முடியுமட்டும் மனிசன் கிடக்காது" என்றாள் கத்தரீனா. கடதாசியில் சுற்றிய ஒட்டி மீன் சரையை வேலிக்கு மேலால் நீட்டினாள். "ஒட்டிச் சொதி வைச்சுக் குடுத்துப் பார். எங்கடை ஆக்கள் எழுவைதீவிலையிருந்து கொண்டந்தது."

"சாப்பிடாதாம். பிள்ளை வரோணுமாம்."

"வரட்டுமன்."

"எந்தப் பிள்ளை, கத்தரீனா அக்கா?" சறோவின் குரல் உடைந்தது. "அந்தாள் தேடுறது என்னைத்தான். நான் பக்கத்திலை நிக்கிறன். நான் நிக்கிறதாலைதான் நான் வரேல்லை எண்டு இருக்குது அந்தாள்."

கத்தரீனா சரையை அவள் கையில் திணித்தாள். "சொதியை வை" என்றாள்.

சொதி கொதித்து இறங்கியது. சறோ வெளியே வந்து, பந்தலில் காய்கிற பாயில் புதுக்களியை ஊற்றிக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். காற்று மணலை அள்ளி வீசியது. உள்ளே கதிரை நிலத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தாள்.

செல்வரத்தினம் எழும்பி நின்றார்.  ஒரு கையில் பேப்பர்த் துண்டு. ஸ்டூலில் மிச்சமாய்க் கிடந்த இனிப்பை அதில் போட்டு மடித்துக்கொண்டிருந்தார். சறோ பிடிக்கப் போனாள். அவர் பிடிக்க விடவில்லை. சுவரோடு சுவராக நடந்து யன்னல் கட்டையில் சரையை வைத்தார். வைத்தபிறகு அவளைத் திரும்பிப் பார்த்து, இரகசியம் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"நீர் இஞ்சை நிண்டா அது வராது. சரியான வெக்கம் பிடிச்ச பிள்ளை. நீர் வீட்டை போயிட்டுப் பிறகு வாரும்."

"ஓம், போறன்" என்றாள் சறோ.

படலையைத் திறந்து ஒழுங்கையில் இறங்கினாள். வழமைபோல வேலியோரமாக நடந்தாள். கிணற்றடிப் பொட்டுக்குள்ளால் குனிந்து வளவுக்குள் வந்தாள். குசினி வாசலில் கால் வைத்தவள், வைத்த காலை எடுத்தாள். சுவரோடு ஒட்டி, பினாட்டுப் பந்தலைத் தாண்டி, யன்னலடிக்கு வந்தாள். அந்தக் காலத்தில் எட்டி நுனிக்காலில் நின்று எடுத்த கட்டை இப்போது அவளுடைய நெஞ்சுக்கு இருந்தது. குனிந்து, உள்ளே தலை தெரியாமல், கம்பிக்குள்ளால் கையை விட்டாள். களி காய்ந்து மஞ்சளாய் வெடித்த கை. கடதாசி சரசரத்தது.

கதிரையில் இருந்தவர் திரும்பவில்லை.

"எடுத்திட்டியோ, குஞ்சு?" என்று ஒழுங்கையைப் பார்த்துக் கேட்டார்.

சுவருக்கு வெளியே சறோ சரையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். "ஓம், அப்பா" என்றாள்.

"ஓடாதை. விழுவாய்." கொஞ்சம் பொறுத்து, "அம்மாட்டைச் சொல்லு, அப்பாக்குப் பசிக்குதாமெண்டு" என்றார்.

அவள் சரையைப் பிரித்து இனிப்பை வாயில் போட்டுக்கொண்டாள். புளிப்பும் இனிப்பும் ஒன்றாய்ப் பல்லில் கூசியது. கிணற்றடியில் முகத்தைக் கழுவினாள். பின்வாசலால் குசினிக்குள் ஏறிச் சோற்றைப் போட்டு, ஒட்டிச் சொதியை ஊற்றிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தாள்.

அவர் முகமெல்லாம் சிரிப்பாய் நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை வந்தவள்" என்றார். "கண்டனீரோ?"

கன்னத்துக்குள் இனிப்புக் கிடந்ததால் சறோ வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.